நான் சொன்னத அப்படியே சொல்லுங்க

கவுண்டர்னு ஒன்னு வந்துட்டா என் வீட்டுக்காரர் வாய்தான் என் வாய். கிளினிக்கோ, பேங்கோ, பாஸ்போர்ட் ஆபீஸோ, எங்க போய் நின்னாலும் "நீ சும்மா இரு, நான் பேசிக்கிறேன்"னு முன்னால போயிடுவார். எங்க சொந்தத்துல எல்லா வீட்லயும் இப்படித்தான். எனக்கு மலாய் தெரியாம இல்ல. ஜொகூர் ஸ்கூடாய்ல ரோட்டோரமா ஒட்டுக்கடை போட்டு நாசி லெமாக்கும் மீ கோரெங்கும் வித்தவ நான். சாப்பிட வர்ற யுனிவர்சிட்டி பிள்ளைங்கள நான் மலாய்ல அதட்டுற சத்தம் எட்டூருக்குக் கேக்கும். ஆனா ஆபீஸ் வாசல மிதிச்சதும் வாயப் பூட்டிக்குவேன். கல்யாணமானதுலேருந்து பழகிப்போச்சு.

போன வருஷம் சீனி ஏறி, வலது கால் விரல் ரெண்டு கறுத்துப் போய், ஜெனரல் ஆஸ்பத்திரியில படுத்தேன். இந்த வியாதிய எங்க பக்கம் இனிப்பு நீர்னு சொல்வாங்க, கேக்க என்னமோ சர்பத்து மாதிரி. காய்ச்சல் விடவே இல்ல. என்னப் பாத்த டாக்டர் சின்ன வயசு மலாய்க்காரப் பொண்ணு. நின்ன வாக்குல பேசிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவாங்க. அவங்களக் குத்தம் சொல்ல முடியாது, வார்டுல அத்தன பேர் கெடந்தோம். கால்ல சிவப்பு எது வரைக்கும் ஏறியிருக்கோ அதச் சுத்தி பேனாவால ஒரு கோடு போட்டாங்க. விரல் ரெண்டையும் இப்பவே எடுத்துட்டா கால் தப்பிச்சிடும், சிவப்பு அந்தக் கோட்டத் தாண்டி ஏறிட்டா முட்டிக்குக் கீழ மொத்தமா எடுக்க வேண்டி வரும், இன்னும் விட்டா உயிருக்கே ஆபத்துன்னாங்க. சம்மதம்னு கையெழுத்து போடுங்கன்னாங்க. நான் போடல.

கத்திக்குப் பயப்படுறா, பிடிவாதக்காரி, அதான்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. பயம் இருந்துச்சு, இல்லேங்கல. மருந்து வண்டிச் சக்கரம் கிறீச்னு கேட்டாலே காலப் போர்வைக்குள்ள இழுத்துக்குவேன். ஆனா கையெழுத்து போடாததுக்கு அது காரணம் இல்ல. கால் போனா போகட்டும், அதோட சேந்து நானும் போனா தேவலன்னு இருந்துச்சு. காலையில கண்ணு முழிச்சா, ஐயோ இன்னிக்கும் முழிச்சிட்டமேன்னு தோணும். சோறு வாயில மண்ணு. அழுதாவது தொலைக்கலாம்னு பாத்தா அந்த எழவு அழுகையும் வரல. காலப் பாத்து வந்த கவல இல்ல இது. ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு ரொம்ப முந்தியே உள்ள உக்காந்திருந்தது, படுத்ததும் எழுந்து நடமாட ஆரம்பிச்சிருச்சு.

இதுல கொடும என்னன்னா, சாயங்காலம் பாக்க வர்ற நேரம் ஆச்சுன்னா நான் தலைய வாரி, பொட்டு வெச்சுத் தயாராயிடுவேன். ஆரஞ்சும் பிஸ்கட் டின்னுமா ஆளுங்க வருவாங்க. யோங் பெங்லேருந்து காடி ஓட்டிக்கிட்டு வந்தவங்க கூட உண்டு. அவ்வளவு தூரம் வந்தவங்கள மூஞ்சத் தூக்கிக்கிட்டா அனுப்ப முடியும்? "ஒத்தக் கால்ல நின்னு மீ கெளர்றதுக்கு இப்பவே பழகிக்கிறேன் லா"ன்னு எதையாச்சும் சொல்லி வைப்பேன். கட்டிலச் சுத்தி ஒரே சிரிப்பு. "இவளுக்கென்ன, இவ நமக்கே தைரியம் சொல்லுவா"ன்னு தோளத் தட்டிட்டுப் போவாங்க. அவங்க தலை மறைஞ்சதும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன். எரிச்சல் எரிச்சலா வரும், அவங்க மேலயும் என் மேலயும்.

ஒரு நாள் டாக்டர் ரவுண்ட்ஸ்ல வந்தப்போ, தூக்கம் வருதா, சாப்பாடு இறங்குதா, மனசு எப்படி இருக்குன்னு மலாய்ல கேட்டாங்க. என்னப் பாத்துதான் கேட்டாங்க. பக்கத்துல நின்ன எங்க வீட்டுக்காரர், "ஓகே டாக்டர், டியா குவாட்"னுட்டார். நான் பலசாலியாம். டாக்டரும் தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு உள்ளுக்குள்ள திகுதிகுன்னு எரிஞ்சுது. ஏங்க, என் தூக்கத்த நீங்களா தூங்குறீங்க? கேக்க நினைச்சேன், கேக்கல.

கேக்காததுக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. அவரோட அக்கா, என் நாத்தனார், கட்டிலுக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு அவர்கிட்ட குசுகுசுன்னு சொன்னது என் காதுல விழுந்திருந்தது. "மனசு சரியில்ல, அது இதுன்னு வாயக் கொடுத்துடாத தம்பி. தம்போய்க்கு எழுதி அனுப்பிடுவாங்க. உன் பையனுக்குப் பொண்ணு பாக்கற நேரம்." மனநோய் ஆஸ்பத்திரி தம்போய்ல இருக்கறதால, எங்க ஜொகூர்ல ஊர் பேரச் சொன்னாலே போதும், விஷயம் புரிஞ்சிடும். கடையில நானே எத்தன பேர "தம்போய் கேஸ்"னு கிண்டல் பண்ணியிருப்பேன். இப்ப அந்தப் பேர என் நெத்தியில ஒட்டிடுவாங்களேன்னு நானும் வாயத் தொறக்கல.

மறுநாள் மத்தியானம் கட்டு மாத்த வந்த நர்ஸ் மிஸ்ஸி, காலப் பாத்ததும் பேச்ச நிறுத்திட்டு வேகமா வெளிய போனாங்க. எட்டிப் பாத்தேன். சிவப்பு அந்தப் பேனாக் கோட்டத் தாண்டி, கெண்டக்கால் பக்கம் ஏறியிருந்தது.

டாக்டர் வந்தாங்க. கைய வெச்சுப் பாத்தாங்க. இப்ப கூட விரலோட நிறுத்தப் பாக்கலாம், நாளைக்குச் சொல்ல முடியாது, சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லணும்னாங்க. எங்க வீட்டுக்காரர் முகம் வெளுத்துப் போச்சு. "போட்டுடும்மா. உன் காலப் பிடிச்சிக் கேக்கறேன், போட்டுடு"ன்னார். நான் சுவத்தப் பாத்துப் படுத்திருந்தேன். டாக்டர் சுத்தி வந்து என் முகத்துக்கு நேரா நின்னு, ஏன் வேணாங்கறீங்கன்னு கேட்டாங்க. எப்பவும் போல அவர் முந்திக்கிட்டார். பயப்படுறா டாக்டர், நான் பேசி...

"நான் பயப்படல"ன்னேன்.

தமிழ்லதான் சொன்னேன். மீன் பேரம் பேசுற மலாய் எனக்கு இருக்கு, இதச் சொல்ற மலாய் என்கிட்ட இல்ல. அது மட்டுமில்ல, டாக்டருக்கு முன்னாடி இது அவர் காதுல விழணும்னு இருந்துச்சு.

"எனக்கு உயிரோட இருக்கப் பிடிக்கலங்க. ரொம்ப நாளா பிடிக்கல. அதான் போடல. இத டாக்டர்கிட்ட சொல்லுங்க."

அவர் என்னயே பாத்தார். டாக்டருக்கு ஒரு வார்த்தையும் புரியல, ஆனா என்னமோ நடக்குதுன்னு புரிஞ்சிருக்கும் போல, அப்படியே காத்துக்கிட்டு நின்னாங்க. இவர் தொண்டையச் செருமினார். "டியா பெனாட், டாக்டர்"னார். களைப்பா இருக்காளாம்.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். அத்தன நாள் செத்துக் கெடந்த உடம்புல அது எங்கேருந்துதான் வந்துச்சோ, கைய ஊனி எழுந்து உக்காந்துட்டேன்.

"அத நான் சொல்லல. நான் சொன்னத அப்படியே சொல்லுங்க."

"ஏம்மா, அதப் போய் எப்படிம்மா..."

"உங்க வாயாலதானே எல்லாம் சொல்லுவீங்க. இதையும் சொல்லுங்க."

அவர் கட்டில் கம்பியப் பிடிச்சிக்கிட்டார். பேக்டரி வேன் ஓட்டுற கை, பிடிச்சா விடாது. டாக்டரப் பாக்காம, தரையப் பாத்துக்கிட்டே சொன்னார். "டியா... டியா தா மாவ் ஹிடுப், டாக்டர்." இவளுக்கு வாழ வேணாமாம். சொல்லி முடிச்சதும் பாவம், தோள் ரெண்டும் குலுங்க ஆரம்பிச்சிருச்சு.

டாக்டர் மூலையில கெடந்த பிளாஸ்டிக் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. அவங்க உக்காந்து நான் பாத்ததே இல்ல. இப்படி ஆகுறது இந்த வார்டுல உங்களுக்கு மட்டும் இல்ல, இதுவும் உடம்புக்கு நோய் வர்ற மாதிரி மனசுக்கு வர்றதுதான், உங்கள எங்கயும் அனுப்பல, அதுக்குன்னு இருக்கற டாக்டர இங்கயே கட்டிலுக்கு வரச் சொல்றேன்னு மெதுவா சொன்னாங்க. அப்புறம் கேட்டாங்க, "டாரி பிலா?" எப்பலேருந்துன்னு.

அவர் வாயத் தொறந்தார். பழக்கம். ஏதோ ஒரு பதில் சொல்லியிருப்பார், விரல் கறுத்ததுலேருந்துன்னோ என்னமோ. தொறந்த வாய மூடிக்கிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"எப்பலேருந்தும்மா?"

"போன தீபாவளிக்கு முன்னாடியே."

"தீபாவளிக்கு வீடு நெறைய ஆளு. நீதானே எல்லாரையும் சிரிக்க வெச்சே?"

"ஆமா."

அதுக்கு மேல அவரால கேக்க முடியல. கேக்காம இருக்கவும் முடியல. அப்புறம்? அதுக்கு முன்னாடி? என்கிட்ட ஏம்மா சொல்லல? டாக்டருக்குச் சொல்றதையே மறந்துட்டு என்கிட்டயே கேட்டுக்கிட்டிருந்தார். டாக்டரும் குறுக்க வரல. எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன். பாதிதான் சொல்லியிருப்பேன், மிஸ்ஸி வந்து, ஆப்பரேஷன் ரூம்ல கேக்கறாங்க, நேரமாகுதுன்னாங்க.

பேப்பரக் கொண்டாங்க, போடறேன்னேன். வாழ ஆசை வந்துடுச்சான்னா, வரல. அன்னிக்குச் சத்தியமா வரல. அந்த மனுஷன் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கல, அதான் போட்டேன்.