நடுவரை அடித்த ஆள்

போன வாரம் எங்கள் நகரின் கியாக்டடா பேட்டையில் ஒரு டீக்கடை. தொலைக்காட்சியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முரட்டு ஆட்டக்காரனை அணியில் எடுக்கலாமா என்று பக்கத்து மேசையில் இரண்டு பேர் பர்மிய மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை, கால் துடைக்க வாசலில் போட்டிருந்த சாக்கு நனைந்து வாடை அடித்தது. எனக்கு அது போதும். தொண்ணூறுகளில் நான் குமாஸ்தாவாக இருந்த அலோன் பேட்டைக் கிடங்குக்கு நினைவில் போய்விட்டேன்.

அந்தக் கிடங்குக்கு ஓர் அணி இருந்தது. நான் செயலாளர். நான் உதைத்தால் பந்தைவிடச் செருப்புதான் தூரம் போகும். ஆனால் கையெழுத்து அழகாக இருக்கும். இன்னொரு தடவை தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையிலிருந்து கோ முருகேசு வந்தான். அம்மா பர்மியர், அப்பா தமிழர். பந்து அவன் காலோடு ஒட்டிக்கொள்ளும். எதிரணிக்காரன் ஒருவனின் மூக்கை உடைத்ததால் யாரும் அவனைச் சேர்ப்பதில்லை.

எங்கள் தலைவர் ஊ கந்தசாமி கிடங்கு மேலாளர், பரம சாது. பெயருக்கு முன்னால் இளைஞருக்குக் 'கோ', பெரியவருக்கு 'ஊ' போடுவது பர்மிய மரியாதை.

"இவன எடுத்தா ஜெயிப்போம். நடுவர் மேல கைய வச்சுட்டான்னா?" என்றார்.

நான் தாளில் நடுவே கோடு கிழித்தேன். சாதகப் பக்கத்தில் 'கோல் போடுவான்' என்ற ஒரே வரி. பாதகம் மறுபக்கத்துக்கும் ஓடியது. கடைசியில் அவனையே கூப்பிட்டோம்.

"கோவம் வந்தா என்னய்யா செய்வே?"

"கைய பின்னால கட்டிக்கிறேன் சயா. எனக்கு இதுதான் கடைசி டீம்."

'சயா' என்றால் வாத்தியார், ஐயா எல்லாம்தான். அந்த ஒரு சொல்லில் பாதி ஆபத்து குறைந்துவிட்டதாக எனக்குப் பட்டது. எடுத்துக்கொண்டோம்.

இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டான். விலாவில் இடித்தார்கள், கெண்டைக்காலில் மிதித்தார்கள்; கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். முடிகிற நேரத்தில் நடுவர் எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி கொடுத்தார். அப்போதும் முருகேசு அப்படியே நின்றான். குடையோடு மைதானத்துக்குள் ஓடி நடுவரின் கன்னத்தில் அறைந்தது ஊ கந்தசாமி. அவரைத் தடுக்கத்தான் நான் ஓடினேன். போன வேகத்தில் நானும் நடுவரை ஒரு தள்ளு தள்ளிவிட்டேன் என்று வையுங்கள்.

அணியைத் தடை செய்தார்கள்; முதலாளி கலைத்தும் விட்டார். பழைய மூக்கு விவகாரத்தால், அடித்தது முருகேசு என்று ஊரெல்லாம் பேச்சு. அவனைச் சேர்க்க நினைத்த வேறு அணிக்காரர் ஒருவர் என்னிடம் நேரிலேயே வந்து கேட்டார்.

"அந்த ஆள்தானே அடிச்சது?"

ஊ கந்தசாமி அடுத்த அறையில் இருந்தார். "ஒரே கூட்டம், சரியாத் தெரியல" என்றேன்.

அதன்பின் அவனை யாரும் கூப்பிடவில்லை. மலேசியாவுக்கு வேலைக்குப் போகுமுன் ஒருநாள் கிடங்குக்கு வந்தான். "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் சயா" என்றான். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மைதானம் இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர்கள். கிடங்கும் இல்லை, ஊ கந்தசாமியும் இல்லை. முருகேசு எங்கே இருக்கிறான் என்று தெரியாது. உண்மையைச் சொல்ல இன்று எனக்கு எந்தப் பயமும் இல்லை. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.