எட்சன் எண்ணிய தகடுகள்

பூதப்பாண்டிப் பக்கம் கல்லுடைக்கும் கிரஷர் ஒன்றில் எட்சன்தான் மெக்கானிக். ஊர் கடலோர இனயம். பதினோரு வருடம் வளைகுடாவில் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவன் என்பதால் வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயில் அதிகம் அரைபட்டவர் கிரேன் ஓட்டும் தாணுமாலயன். எட்சன் வருவதற்கு முன் மெக்கானிக் வேலையையும் அவர்தான் பார்த்தார்.

கிரஷரின் வயிற்றுக்குள் ஒரு பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் சின்னச் சக்கரமும் உண்டு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே துளி இடைவெளி வேண்டும். பேக்லாஷ் என்பார்கள். குறைந்தால் உரசிச் சூடேறும். கூடினால் பல்லோடு பல் மோதும். பெரிய சக்கரத்தின் அடியில் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் அதைச் சரிசெய்வார்கள்; தகடு கூடினால் இடைவெளியும் கூடும். தாணுமாலயன் கழற்றிய தகடுகளை எண்ணி, அத்தனையையே திரும்ப வைப்பார். எட்சன் அப்படியில்லை. வலையில் கட்டும் ஈயக்குண்டை ஊரிலிருந்து கொண்டுவந்து, கம்பியாகத் தட்டி, பற்களுக்கிடையே கொடுத்து, நசுங்கிய கனத்தை அளந்து பார்ப்பான்.

"எண்ணி வைக்கியதுக்கு நர்சரிப் பிள்ளை போதுமே அண்ணாச்சி!" என்று எட்டு வருடமாகக் கேலி வேறு.

அப்பேர்ப்பட்ட எட்சன், மகள் பெபிஷாவின் நிச்சயத்துக்கு முந்தின நாள் அவசரத்தில், சக்கரம் சுழலும் உலோகக் குழலான புஷ்ஷை மாற்றியபின், ஈயத்தைத் தொடாமலே, நசுங்கிப்போன பழைய தகடுகளின் எண்ணிக்கைக்குப் பெட்டியிலிருந்து வேறு தகடுகளை எண்ணி வைத்து மூடிவிட்டான். மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தால், உள்ளே கடகடவென்று சத்தம். மாலை ஐந்துக்கு ஊர்க் கோயிலில் நிச்சயம்.

"புது புஷ் போட்டிருக்குல்லா, ஓட ஓட சரியாவும். நீ வீட்டுக்குப் போ மக்கா," என்றார் முதலாளி சுயம்புராஜ்.

தலையாட்டியிருந்தால் போதும். பல் உடைய ஒரு மாதமாவது ஆகும்; பழியைப் புது புஷ் சுமந்துகொள்ளும். எட்சன் பைக் வரைக்கும் போய்விட்டான். சாவியைப் போட்டவனுக்கு மனசு ஒப்பவில்லை. திரும்பி வந்தான்.

"அண்ணாச்சி, கிரேனை எடுங்க. நேத்து நான் அளக்கல்ல. எண்ணித்தான் வச்சேன்."

தாணுமாலயன் சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரைக்கேறியது. "எத்தன எண்ணின?"

"ஏழு."

மேல்பாகங்களைத் தூக்கி இறக்கவே பதினொரு மணியாயிற்று. தகடுகளை வாங்கிய தாணுமாலயன் ஒன்றன் விளிம்பில் நகத்தைக் கொடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கிடந்த இரண்டு தகடுகள் பிரிந்தன. மொத்தம் எட்டு.

"இதுக்குத்தான்டே நான் ஒவ்வொண்ணையும் மண்ணெண்ணெயில கழுவிட்டு எண்ணுவேன். எண்ணுகதுக்கும் படிப்பு உண்டு, கேட்டியா?"

எட்சனுக்கு முகம் செத்துப்போனது. அடுத்த நொடியே அவனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு தகட்டை எடுத்துவிட்டு, ஈயத்தைக் கொடுத்து அளந்தார்கள். கச்சிதம். இரண்டரைக்கு இயந்திரம் சத்தமில்லாமல் ஓடியது.

தாணுமாலயனையும் பின்னால் ஏற்றிக்கொண்டு எட்சன் கோயில் வாசலில் இறங்கியபோது மணி ஐந்தாக ஐந்து நிமிடம். கையெல்லாம் கிரீஸ். மனைவி ஷீஜா திட்ட வாயெடுப்பதற்குள், மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே நடந்ததை ஒளிக்காமல் சொன்னான்.

பெபிஷா வாயைப் பிளந்தாள். "அப்பாக்குத் தப்பு வந்துச்சா? அத அப்பாவே சொன்னியளா?"

"ஆமா மக்ளே."

"இருபத்துமூணு வருசத்துல இப்பத்தான் கேக்கேன்!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவளது புதுப் பட்டுச்சேலையின் முதுகில் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. ஷீஜா தலையில் அடித்துக்கொண்டாள். எட்சன் கையை எடுக்கவே இல்லை.