காதறுந்த மாப்பிள்ளை

என் வாப்பா கலந்தரை ஏமாற்றக்கூடிய வியாபாரி இன்னும் பிறக்கவில்லை என்று மருதமுனையில் சொல்வார்கள். நூலை விரலிடுக்கில் ஒருமுறை உருட்டிப் பார்த்தால் போதும், அதன் வண்டவாளம் முழுவதையும் சொல்லிவிடுவார். தறியில் தானே நெய்த, இடுப்பில் உடுத்தும் சாரன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அக்கரைப்பற்றுப் பக்கம்வரை போய் விற்பார். அப்படிப்பட்ட மனிதரை நான் எட்டு வயதில் ஏமாற்றினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளில், பக்கத்து வீட்டு றபீக்கா கையால் ஊட்டி வளர்த்த கிடாயைக் குர்பானுக்கு அறுத்துக் கொடுத்தார்கள். அவள் மூன்று நாள் சோறு தின்னாமல் அழுதாள். எனக்கும் ஆடு வளர்க்க ஆசைதான், ஆனால் அந்த அழுகை வேண்டாம். ஓதுகிற பள்ளியில் லெவ்வை குர்பான் ஆட்டைப் பற்றிப் பாடம் சொன்னபோது மற்றப் பிள்ளைகள் தூங்கி விழுந்தார்கள். நான் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை. ஆட்டுக்கு இரண்டு வயது நிறைய வேண்டும். நொண்டி ஆகாது, குருடு ஆகாது, காது குறைந்ததும் ஆகாது.

குட்டி ஒன்று வாங்கித் தர வாப்பா ஒப்புக்கொண்டார். இரண்டு வருடம் மகள் வளர்க்கட்டும், பிறகு குர்பான் கொடுக்கலாம், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவர் உம்மாவிடம் சொன்னதும் எனக்குக் கேட்டது. சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு ஆலையடிவேம்புக்குப் போனார். அங்கே கனகசிங்கம் என்ற, வயல் செய்யும் கமக்காரர் வாப்பாவிடம் வாடிக்கையாகச் சாரன் வாங்குகிறவர். ஒரு சாரனுக்கு ஒரு குட்டி என்று பேச்சு.

மூன்று கிடாய்க்குட்டிகள் நின்றன. வாப்பா காலைத் தடவிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், வெள்ளைக் குட்டியைத் தூக்கினார். நான் கறுப்புக் குட்டியின் பக்கத்தில் போய் நின்றேன். அவனுக்கு இடது காதில் பாதி இல்லை. நாய் கடித்த குட்டி அது, வேறு எடுங்கள் என்று கனகசிங்கம் நேர்மையாகவே சொன்னார். நான் கறுப்பனின் கழுத்தை விடவில்லை. பாவப்பட்ட குட்டியைத் தேடி எடுத்த என் இரக்கத்தை மெச்சிக்கொண்டே வாப்பா வழி முழுவதும் சைக்கிள் மிதித்தார். லெவ்வை சொன்ன சட்டம் அவருக்கும் தெரிந்ததுதான். மகள் மேல் மனம் குளிர்ந்திருந்த நேரத்தில் அது அவர் நினைவுக்கு வரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

வேலை இல்லாமல் வேளாவேளைக்குத் தின்கிறான் என்று உம்மா அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். நெசவுக்காக முற்றத்தில் கஞ்சி பூசி நீட்டியிருந்த பாவு நூலை மாப்பிள்ளை ஒரு முனையிலிருந்து நக்கிக்கொண்டே போவான். வாப்பா தடியோடு ஓடுவார், அவருக்குப் பின்னால் நான் ஓடுவேன். மாப்பிள்ளை கிணற்றைச் சுற்றுவான். நான் பள்ளிவிட்டு வரும்போது ஒழுங்கை முனையில் வந்து நிற்பான். அந்த இரண்டு வருடத்தைப் போல நான் சந்தோசமாக இருந்த காலம் குறைவு.

இரண்டாம் வருட ஹஜ்ஜுக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு வந்த பள்ளிவாசல் மோதினார் மாப்பிள்ளையைப் பார்த்து, காது குறைந்த ஆடு குர்பானுக்கு ஆகாதே என்றார். வாப்பா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"குட்டி எடுத்த அண்டைக்கே உனக்குத் தெரியுமா?"

"ஓம் வாப்பா."

இரண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் உம்மாவின் கூடப்பிறந்த காக்கா மீராமுகைதீன் மாமா வந்தார். மகனுக்குச் சுன்னத்துக் கலியாணமாம், விருந்துக்குக் கிடாய் வேண்டுமாம். விருந்துக் கறிக்குக் காது எதற்கு? இதை நான் யோசித்திருக்கவில்லை. ஆட்டுக்குப் பதிலாக இரண்டு சிப்பம் நூல் தருவதாக மாமா சொன்னார். வாப்பாவின் தறியில் இருந்தது கடைசிப் பாவு. ஊரில் நூலுக்குப் பெருந்தட்டுப்பாடு. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாப்பா எழுந்து போய் மாப்பிள்ளையை அவிழ்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கயிறு என் கைக்குள் வந்தது.

"ஆட்டுக்காரி இவதான் மச்சான். இவட்டக் கேளுங்க."

மாமா சிரித்துக்கொண்டே கேட்டார். குடுக்க மாட்டேன் என்றேன். மாமா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா, கேட்டீர்கள்தானே என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தார்.

மாமா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன பிறகும் நான் கயிற்றை விடவில்லை. தறிச்சத்தம் நின்றது. வாப்பா முகத்தைத் திருப்பாமலே என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் பாவு முடியப்போகுது. நாளைக்கு நூலுக்கு என்ன வழியெண்டு உன்ட மாப்பிள்ளையிட்டக் கேட்டு வா மகள்."

அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது. நான் போய் அந்தத் தோளைக் கட்டிப்பிடித்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.