உத்தரவு கேட்ட கூட்டணி

எனக்குப் பேயி பிசாசு மேல எல்லாம் நம்பிக்கையே கெடையாது தாயி, மொதல்ல அதச் சொல்லிப்புடுறேன், பெறகு கெழவி கிறுக்குப் பிடிச்சுப் பேசுறான்னு வெளிய போயி நீ சொல்லக்கூடாது. எங்க நாத்தனாருக்கு வெள்ளிக்கிழம தவறாமப் பேயி வரும், வந்தாக் கோழிக்கொழம்பு கேக்கும், ஒரு நாளு நான் வெறும் ரசத்த ஊத்தி வச்சேன், அன்னையோட அந்தப் பேயி எங்க வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல. அப்பேர்ப்பட்டவ நான். அந்தப் போன இன்னும் கொஞ்சம் பக்கத்துல வச்சுக்க, நல்லாப் பதியட்டும்.

நீ நம்புனாலும் சரி, நம்பாட்டியும் சரி. எல்லாரும் நடுச்சாமத்துல சுடுகாட்டுப் பக்கம் போனேன்னுதான் ஆரம்பிப்பாக. எனக்கு நடந்தது பட்டப்பகல்ல, கஞ்சி குடிச்சுட்டு வெத்தல மென்னுக்கிட்டு இருக்கைல.

அதுக்கு முந்தி கெடாயப் பத்திச் சொல்லணும், இல்லாட்டி ஒனக்கு வெளங்காது. எம் மகளப் பழனிசெட்டிபட்டியில குடுத்திருக்கேன். அவ மாமியா ராக்கம்மா, எனக்குச் சம்மந்தி. ஆனா பெறந்தது எங்க சுருளிப்பட்டிதான், சின்னதுலருந்து நாங்க ரெண்டு பேரும் பேச்சி, ராக்குன்னு பேரு சொல்லித்தான் கூப்பிட்டுக்கிருவோம், சண்ட வந்தா மட்டும் சம்மந்தியம்மா. புருசன் போன பெறகு மகன் வீட்டுல கெடக்கமாட்டேன்னு பெறந்த ஊருக்கே வந்துட்டா, என்னோடயே திராட்சத் தோட்டத்து வேலைக்கும் வந்தா. மகன் ஏசி போட்ட ரூமு குடுத்தான், அவளுக்குக் குளிரு ஆகாது, சித்திர மாசத்துலயும் வெந்நி வச்சுக் குளிக்கிறவ.

எங்க பேரனுக்குக் காச்சல் வந்து தேனி ஆசுபத்திரியில கெடந்தப்ப, அவ கருப்பசாமிக்கு ஒரு கெடாய நேந்து விட்டா. நேந்து விட்ட கெடான்னா ஊருக்கே செல்லப்பிள்ள, பாத்துக்க. எவன் வெள்ளாமையில மேஞ்சாலும் அடிக்க மாட்டாக, அகத்திக் கொழைய ஒடிச்சு ஊட்டி விடுவாக, காலு நொண்டுனா மருந்து போடுவாக. அது பாட்டுக்கு மினுமினுன்னு திரியும். திருவிழா அன்னைக்கி மாலையப் போட்டு, சாமியப் பாக்க நிறுத்தி, பிடரியில மஞ்சத்தண்ணிய ஊத்துவாக. அது ஒடம்ப உதறிச் சிலுப்பணும். சிலுப்புச்சுன்னா உத்தரவு குடுத்துருச்சுன்னு அர்த்தம், பொம்பளைக கொலவ போடுவோம், அருவா எறங்கும். சிலுப்பலயா, வெட்டக்கூடாது. எங்க சாமிக்கு அப்படி ஒரு சட்டம்.

இந்தக் கெடா சிலுப்பல. ஊத்துறாக, ஊத்துறாக, கல்லு மாதிரி நிக்கிது. ராக்கு அது காதுகிட்டப் போயி, "ஒத்துக்கய்யா, எந்தங்கமே, மனசு ஒப்பிக் குடுத்துரு"ன்னு கெஞ்சுறா. நான் சும்மா இருக்கலாம்ல, "வளத்தவளுக்குள்ள வீம்பு அதுக்கு இருக்காதா?"ன்னுட்டேன். ரெண்டு நாளு பேசல எங்கூட. கெடா தப்பிச்சுருச்சு, அன்னையிலருந்து எங்க பின்னாலயே தோட்டத்துக்கு வரும்.

இது நடந்த அன்னைக்கிச் சாரல் விட்டு வெயிலு சுள்ளுன்னு அடிச்சுச்சு. பந்தலுக்குள்ள நெழலு. திராட்சக் கொலையில பொடிக்காயக் கத்திரிச்சு விடுற வேல, கழுத்த அண்ணாந்தே நின்னு பிடரி விட்டுப்போகும், எனக்கு முட்டியும் தேஞ்சு போச்சு, ஒக்காந்தா எந்திரிக்க ரெண்டு பேரு வேணும். தோட்டத்து வாட்ச்மேன் மாயாண்டியும் வெத்தலைக்கு வந்து ஒக்காந்தான். தனிக்கட்ட, நல்லவன்தான், சாயந்தரம் ஆனா மட்டும் நல்லவன் இல்ல. அவன் சுண்ணாம்புக்குக் கைய நீட்டுறான், அந்தா அப்பத்தான் குருவிச் சத்தம் பூரா நின்னுச்சு. மோட்டாருச் சத்தம் நின்னுச்சு. கரண்டு போயிருச்சு போலன்னு நெனச்சேன். கரண்டு போனாக் குருவி எதுக்கு நிக்கிது, அதெல்லாம் இப்பக் கேக்குறேன், அப்பத் தோணல.

பந்தலுக்குள்ள வந்தாக. கொஞ்சப் பேரு நெட்டையா, ஆண்டிபட்டிப் பக்கம் நிக்கிற காத்தாடி கணக்கா, பந்தலுக்குக் குனியணும்ல, மூணு எடத்துல மடங்கி வந்தாக. கொஞ்சப் பேரு குட்டையா, கவுத்துன கூடை மாதிரி. இன்னொரு வகையறா இருந்தாக, அவுகள நேரப் பாத்தாத் தெரியாது, ஓரக்கண்ணால பாத்தாத் தெரியும், ஈரச்சேல காயப் போட்டா ஆடும்ல, அப்படி. சிரிக்காத. எனக்குப் பயமே வரல, அதுதான் அதிசயம், கல்யாண வீட்டுல சந்தனம் தெளிச்ச மாதிரி மனசு பூராக் குளுகுளுன்னு இருக்கு.

பேசுனாக. வாயி எதுன்னு தெரியல. தேனி பஸ் ஸ்டாண்டுல மைக்குல பஸ்ஸு பேரு சொல்லும்ல ஒரு பொம்பள, அந்தக் கொரலு, அச்சு அசலு.

"அன்பார்ந்த தாய்மார்களே. நாங்கள் பல உலகங்கள் சேர்ந்த கூட்டணி. உங்கள் துன்பங்களைத் தீர்க்க வந்திருக்கிறோம். கட்டணம் எதுவும் இல்லை."

"எலெக்சனா வருது?"ன்னேன் ராக்குகிட்ட.

"இம்புட்டு மருவாதியாப் பேசுறாக, எலெக்சனாத்தான் இருக்கும்"ங்கிறா அவ.

மாயாண்டி எந்திரிச்சு ஒரு கும்புடு போட்டு, "எங்களுக்கு ரோடு போட்டுக் குடுங்க சாமி"ன்னான்.

ஒரு நெட்டையரு குனிஞ்சு எம் முட்டியத் தொட்டாரு. சத்தியமாச் சொல்றேன் தாயி, வெண்ணெயா உருகிப் போச்சு வலி. குதிச்சேன். இந்த ஒடம்பு குதிச்சுச்சு! ராக்குக்குக் கண்ணுல புரை, அதத் தொட்டாக, "ஏ பேச்சி, மலையில மரம் தனித்தனியாத் தெரியிதுடி"ன்னு அழுகுறா. மாயாண்டிக்கு நெஞ்சுச்சளி அந்தாக்குல நின்னு போச்சு. பெறகு பச்சையா என்னமோ ஊட்டி விட்டாக, தழ மாதிரி, அம்புட்டு ருசி, தின்னத் தின்ன இன்னும் வேணும்னு வருது. நாங்களும் திங்கிறோம். கூட்டணின்னா இதுல்ல கூட்டணின்னு நான் அவுகளுக்கு நெட்டி முறிச்சேன்.

பெறகு வாயத் தொறக்கச் சொல்லிப் பல்லப் பாத்தாக. மாயாண்டி, "பல்லு டாக்டரும் கூட்டணியில இருக்காக போலக்கா"ன்னு சிரிச்சான். அடுத்து முதுகெலும்பு வழியாக் கைய ஓட்டிக்கிட்டுப் போயி, இடுப்புக்கிட்ட ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்தாக. விலாவுல கையக் குடுத்து லேசாத் தூக்கிப் பாத்தாக. இத நான் எங்கனயோ பாத்திருக்கமேன்னு ஒரு ரோசன. வாயில தழ இருக்கு, ரோசன ஓடல.

கொடியில ஒண்ண வளச்சுக் கழுத்துல மாலையாப் போட்டாக. எங்கள வரிசையா நிறுத்தி, மேக்க மலையப் பாக்கத் திருப்பிவிட்டாக. மாயாண்டி மொதல்ல நிக்கிறான், அடுத்து ராக்கு, அவளுக்கு அடுத்து நான். கெடா எங்க பக்கத்துல நிக்கிது. அதையும் மலையப் பாக்கத் திருப்பி விட்டாக.

திருப்பவும் எனக்குப் பொறி தட்டுச்சு. சந்தையில கெடா வாங்கப் போனா நாம என்ன செய்வோம்? பல்லப் பாப்போம். இடுப்ப அமுக்கிப் பாப்போம். தூக்கி எட கணிப்போம். அய்யோன்னு வாயத் தொறக்குறேன், வாயி நெறையத் தழ.

மாயாண்டி பிடரியில தண்ணி விழுந்துச்சு. எங்கனருந்துன்னு தெரியல. அவன், "யக்கா, ஐஸுக்கா!"ன்னு சிரிச்சுக்கிட்டே நனஞ்ச நாயி மாதிரி மேல உலுக்கி ஒரு சிலுப்புச் சிலுப்புனான் பாரு.

கொலவ. அம்புட்டுப் பேரும் ஒண்ணாக் கொலவ போட்டாக. நாக்கு இல்லாத கொலவ. மாயாண்டி வேட்டி நின்ன வாக்குல அப்படியே பொத்துன்னு விழுந்துச்சு, உள்ள ஆளு இல்ல. செருப்பு ரெண்டும் மலையப் பாத்துக் கெடக்கு. நெட்ட, குட்ட, ஈரச்சேல மூணு வகையறாவும் அந்த எடத்தச் சுத்தி நின்னுச்சுக. கெடா வெட்டுனதும் பங்காளிக கறிக்கூறுக்கு ஏனத்தோட சுத்தி நிப்பாகல்ல, அதே நிப்பு. அப்பத் தெரிஞ்சுச்சு எனக்கு அது என்ன கூட்டணின்னு. அதுக்குப் பெறகு அவுக இவுகன்னு சொல்ல எனக்கு வாயி வரல தாயி. அதுகதான். அதுக.

அடுத்து ராக்கு. தழையத் துப்பிட்டு அவளக் கட்டிப் பிடிச்சுட்டேன். "ராக்கு, சிலுப்பாத. செத்தாலும் சிலுப்பாத."

"என்னடி சொல்ற?"

"கெடாயப் பாரு. நம்ம கெடாயப் பாரு."

அது மேலயும் தண்ணி விழுந்துச்சு அப்ப. அந்தப் பயபுள்ள அசையல. கண்ண மூடாம, அசை போட்டுக்கிட்டு நிக்கிது. தண்ணி தாடியில சொட்டுது. எங்களுக்குக் காமிச்சுக் குடுத்த மாதிரி நின்னுச்சு.

ராக்கு பிடரியில ஊத்துனாக... ஊத்துச்சுக. கைய வச்ச எனக்கே எலும்பு வரைக்கும் எறங்குது. அவ முதுகு வெடவெடன்னு வருது, கீழருந்து மேல ஏறுது நடுக்கம், தோளுக்கு வந்துருச்சு. வேற வழி தெரியல எனக்கு, அவ தொடையப் பிடிச்சு ஒரு கிள்ளுக் கிள்ளுனேன், நகம் எறங்க. "சண்டாளி, பிச்சுப்புட்டியே"ன்னு பல்லக் கடிச்சா, அந்த வலியில சிலுப்பு அமுங்கிப் போச்சு. அடுத்து எனக்கு ஊத்துச்சு. நான் கெடா மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். கல்லு நான், கல்லு நான்னு நின்னேன்.

அந்தப் பஸ் ஸ்டாண்டுக் கொரலு காதுகிட்ட வருது.

"தாய்மார்கள் ஒத்துழைப்பு தரவும். மனம் ஒப்பிக் கொடுக்காத எதையும் நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை."

ராக்கு என்னயப் பாத்தா. அன்னைக்கிக் கெடா காதுல அவ சொன்னது அதேதான? எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல ஞாபகம் வந்துருச்சு. திரும்ப ஊத்துச்சு. அதுக்கு மேலயும் ஊத்துச்சு. நாங்க நின்னோம்.

கடைசியில, "உடல்நலத்தைப் பேணவும். மீண்டும் சந்திப்போம்"னு சொல்லுச்சு. மோட்டாரு ஓடுது. குருவி கத்துது. தரையில பொட்டு ஈரம் இல்ல, எங்க பிடரி மட்டும் நனஞ்சுருக்கு.

மாயாண்டிய ஏலக்கா எஸ்டேட்டு வேலைக்கு மலையேறிப் போயிட்டான்னு முடிச்சுட்டாக. வேட்டிய விட்டுட்டா போவான்னு கேட்டேன், குடிகாரன் போவான்னாக. யாருகிட்டச் சொன்னாலும் எங்க ரெண்டு பேரு வாயையும் மோந்து பாக்குறாக.

முட்டி வலி? வரல தாயி, இந்தா பாரு, சம்மணம் போட்டு எந்திரிக்கிறேன், பாத்தியா? ராக்கு வெளக்கு இல்லாம ஊசி கோக்குறா. தேனி டாக்டரு எங்க ரத்தத்தப் பாத்துட்டு, "என்னம்மா சாப்புடுறீங்க, எனக்கும் சொல்லுங்க"ன்னாரு. எம் மக சந்தோசப்படுறா. எனக்கும் ஒடம்பு நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லக்கூடாது, பறக்குற மாதிரி இருக்கு. ஆனா மினுமினுன்னு திரியிற எதயப் பாத்தாலும் எனக்கு இப்பத் திக்குங்கும். உத்தரவு குடுக்காத கெடாய விட்டுருவாகன்னா நெனச்ச? அடுத்த திருவிழாவுக்குத் திரும்ப நிறுத்துவாக. அது வரைக்கும் நல்லாப் பாத்துக்கிருவாக, அம்புட்டுத்தான். நம்ம கெடாய மட்டும் அதுக்குப் பெறகு நாங்க நிறுத்த விடல. கருப்பன் கோவிச்சா எங்கிட்டக் கோவிக்கட்டும்.

அப்பப்ப வரும். கூரைக்குக் கீழ ஒக்காந்திருக்கைல பிடரியில ஒரு சொட்டு, ஐஸாட்டம். நான் அசையமாட்டேன். முழிச்சிருக்கைல சரி, தூங்கைல? அதான் ராக்குவ எங்க வீட்டுக்கே கூட்டியாந்துட்டேன். சம்மந்திக ரெண்டு பேரு ஒரே போர்வையில கெடக்குறாளுகன்னு ஊரே சிரிக்கிது, சிரிக்கட்டும். ஃபேன் போடமாட்டோம். ஒருத்தி தூங்குனா ஒருத்தி பிடிச்சுக்கிருவோம்.

முந்தாநேத்து அவளுக்குக் குளிர் காச்சல் வந்துருச்சு. உள்ள படுத்திருக்கா, இருமுறது கேக்குதுல்ல, அவதான். நேத்து மத்தியானம் நான் அடுப்படிக்குப் போயி வெந்நி எடுத்துட்டு வாரதுக்குள்ள அவ மேலு குளிருல நடுங்கி ஒரு வெட்டு வெட்டிருச்சு. ஓடிப் போயி மேல விழுந்து அமுக்குனேன். ஆனா அதுக்குள்ள, மலைப் பக்கமிருந்து ஒரு கொலவ ஆரம்பிச்சுச்சு தாயி. ஒத்தக் கொலவ. நான் அமுக்குனதும் பாதியில நின்னுச்சு. வாசல்ல கெடா மேக்கயே பாத்துக்கிட்டு நிக்கிது, இன்னும் தீனி எடுக்கல.

போதும், போன அணைச்சுக்க. போறப்ப அந்தக் கதவ இறுக்கச் சாத்திட்டுப் போ. சாரக்காத்து வருது, அவளுக்கு ஆகாது.