டிக்கெட் இல்லாத குச்சி

முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவரை, ஓய்வு பெற்ற பிறகும் தெருவே 'செக்கர்' என்றுதான் கூப்பிட்டது. அவர் ஏறினால் டிக்கெட் எடுத்தவர்களுக்கும் வியர்க்கும். ஒருமுறை அவர் முறைத்த முறைப்பில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஈ எழுந்து நடத்துநரிடம் பறந்து போனதாம். ஈ விஷயம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், முறைப்பு உண்மை.

வேலைதான் போனது, கண் போகவில்லை. வீட்டுக்கு வைஃபை வந்த நாளிலிருந்து, யாரோ அதில் ஓசியில் ஏறுகிறார்கள் என்ற எண்ணம் அவரைக் குடைந்தது. ரூட்டரின் பக்கத்தைக் கைபேசியில் திறந்து, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை மாத்திரை விழுங்குவதுபோல் மூன்று வேளையும் பார்ப்பார். அவருடைய கைபேசி ஒன்று, மனைவியின் மடிக்கணினி ஒன்று. இரண்டுக்கும் அவரே பெயர் சூட்டியிருந்தார்; இணைப்பில் இல்லாதபோதும் அந்தப் பெயர்கள் பட்டியலில் மங்கலாக நிற்கும். மூன்றாவதாக ஒன்று சிக்காதா என்று ஏங்கியே இளைத்துப் போனார்.

அவர் மனதில் முதல் குற்றவாளி, மாடியில் குடியிருந்த பல் டாக்டரம்மா.

"எப்பப் பாத்தாலும் சிரிச்ச முகம். காரணமில்லாம ஒருத்தர் எதுக்குச் சிரிக்கணும்?"

"பல் டாக்டருக்கு அதுதாங்க போர்டு" என்பார் மனைவி.

அந்த மனைவி ஐம்பத்தாறு வயதில் அஞ்சல் வழியில் வரலாறு முதுகலை படித்துக்கொண்டிருந்தார். பழைய சந்தைகளில் எப்படி எடை போட்டார்கள் என்று நூறு பக்க ஆய்வு எழுதி முடித்து, இன்று காலை பதினொரு மணிக்குக் கணினித் திரை வழியாக வாய்மொழித் தேர்வு. பத்து நிமிடம் தாமதித்தால் வராதவர் என்று குறித்துவிடுவார்கள். பிறகு இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். சொல்லி வைத்ததுபோல் முந்தாநாள்தான் மடிக்கணினிக்குள் இருந்த வைஃபை செத்துப்போனது. செக்கர் கடைக்குப் போய், பக்கத்தில் சொருகுகிற வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கி வந்தார். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத கறுப்புக் குச்சி.

"இத்துனூண்டா இருக்கே, உள்ள என்னத்த வெச்சிருக்கானோ" என்று காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

காலை பத்து மணிக்குக் குச்சியைச் சொருகினார்கள். அதிலேயே இருந்த மென்பொருளை நிறுவக் கணினி அனுமதி கேட்டது. எதற்கு அனுமதி, யாருக்கு அனுமதி என்று செக்கர் மூன்று முறை படித்தார். நான்காவது முறைக்கு விடாமல் மனைவி 'சரி'யை அழுத்திவிட்டார். பக்கத்து வீடுகளின் இணைப்புகளெல்லாம் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. தங்களுடையதைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல் அடிக்கும் நேரத்தில் செக்கர் சொன்னார்: "நீ செத்த நேரம் சுவரைப் பாரு."

"முப்பத்தஞ்சு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம்!"

"அதனாலதான்."

இணைப்பு வந்தபோது மணி பத்தரை. மனைவி காகிதங்களை அடுக்கிக்கொண்டு கேமராவில் தலையைச் சரிபார்க்க, செக்கர் கூடத்துக்கு வந்து பழக்கதோஷத்தில் பட்டியலைத் திறந்தார்.

மூன்றாவது ஆள்!

பெயர் கிடையாது. எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான அடையாளம் மட்டும். ஏறி எட்டு நிமிடம் ஆகிறது. அதன் கடைசி நான்கு இலக்கங்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, 'தடை செய்' என்பதை ஓங்கி அழுத்தினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, நெட் போயிடுச்சு!"

"பாத்தியா! கையும் களவுமா பிடிச்சதும் கம்பிய அறுத்துட்டாங்க!"

"வைஃபைக்கு ஏதுங்க கம்பி?"

செக்கர் காதில் வாங்கவில்லை. அவசர அவசரமாகப் புதுக் கடவுச்சொல் ஒன்றை வைத்தார். அடித்ததெல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. ரூட்டரின் விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. இப்போது அதே கடவுச்சொல்லை அடித்தால் அவருடைய கைபேசியையே உள்ளே விடவில்லை. வைக்கும்போது எந்த எழுத்தில் விரல் வழுக்கியதோ, யாருக்குத் தெரியும்? நான்கு முறை அடித்தார். பிறகு படிக்கட்டடியில் போய் நின்று அண்ணாந்து கத்தினார்.

"டாக்டரம்மா! எங்க நெட்ல என்ன பண்றீங்க?"

டாக்டரம்மா கைத்துண்டோடு எட்டிப் பார்த்தார். "உங்க நெட்டா? எனக்குத்தான் சொந்தமா இருக்கே, சார்."

"டிக்கெட் இல்லாதவங்க எல்லாரும் பாஸ் இருக்குன்னுதான் சொல்லுவாங்க!"

அதற்குள் மனைவி குச்சி வந்த அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தார். "கையை நீட்டுங்க." அவர் உள்ளங்கையையும் பெட்டியின் அடியில் அச்சடித்திருந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். நான்கு இலக்கமும் அச்சு அசலாக ஒன்று.

"புதுக் குச்சி போட்டா புது நம்பர்தானே வரும்? நீங்க பாதி வழியில இறக்கி விட்டது என்னைத்தாங்க."

செக்கர் உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துத் துடைத்தார். மணி பத்து ஐம்பத்தொன்று. அவர் கைபேசி வழியாகப் பார்க்கலாம் என்றால், அந்தக் கீழ்வீட்டில் சிக்னல் ஜன்னல் கம்பியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. ரூட்டரின் ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தினால் எல்லாம் அழிந்து, நிறுவனத்து ஆள் வந்துதான் மறுபடி உயிர் கொடுக்க வேண்டும்.

"அக்கா, கம்ப்யூட்டரத் தூக்கிட்டு மேல வாங்க" என்றார் டாக்டரம்மா. "பாஸ்வேர்டு ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும், வரிசையா."

"அதையா படிக்கட்டுல நின்னு கத்துறீங்க?" செக்கர் பதறினார்.

மனைவி மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினார். பின்னாலேயே ஏறியவரைத் திரும்பிப் பார்த்து, "நீங்க வெளியிலயே இருங்க" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் கேட்ட மிகச் சிறிய வாக்கியம் அது. மிகக் கனமானதும் அதுதான்.

சாத்திய கதவுக்கு வெளியே, மேல்படியில் செக்கர் உட்கார்ந்தார். உள்ளே மனைவியின் குரல் முதலில் தடுமாறியது. பிறகு ஓட ஆரம்பித்தது. எடைக்கல்லின் அடியைக் குடைந்து எடை குறைத்தது, தராசுத் தட்டில் மெழுகு ஒட்டியது என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, இத்தனை திருட்டுத்தனம் தெரிந்த பெண்ணுடனா இவ்வளவு காலம் குடித்தனம் நடத்தினோம் என்று செக்கருக்குத் திக்கென்றது. நடுவில் தேர்வாளர்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள்? இவளைப் பார்த்தா? காதைக் கதவோடு ஒட்டினார். தன்னால் கெட்டுவிட்டதோ?

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. மனைவியின் முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் வெளிச்சம்.

"பாஸுங்க! நல்லா எழுதியிருக்கேன்னு ரெண்டு பேருமே சொன்னாங்க."

செக்கர் எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார். வந்தது என்னவோ வேறு.

"வாயாலதானே சொன்னாங்க? எழுதிக் குடுத்தாங்களா?"