கிரீஸ் போக்கும் பசை

என் கணவர் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வரும்போது கையெல்லாம் கிரீஸ் அப்பியிருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து விரலிடுக்குகள் வெடித்துவிட்டன. குழம்பு பட்டால் எரிகிறது என்று ஸ்பூனால் சாப்பிட்டார். வேதியியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த நான், அதைப் பார்க்கப் பொறுக்காமல் கை கழுவும் பசை ஒன்றைச் செய்ய ஆரம்பித்தேன்.

நான்காவது முறை சரியாக வந்தது. கிரீஸ் போனது, கை எரியவில்லை. கூட வேலை செய்பவர்களும் கேட்டார்கள்.

"சுரங்க கேட் பக்கத்துக் கடைங்கள்ல போட்டுடலாமே?" என்றார் கணவர்.

"இருங்க, பத்து நாள் வெச்சா தண்ணி பிரியுது. அதைச் சரி பண்ணிட்டுப் போடலாம்."

அதைச் சரிசெய்த பிறகு வாசனை பிடிக்கவில்லை. அப்புறம் மூடி கசிந்தது. இப்படியே ஒரு வருடம் போனது.

அதற்குள் வடலூர்க்காரர் ஒருவர் மொபெட்டில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, குள்ளஞ்சாவடி வரைக்கும் எல்லாக் கடையிலும் தன் பச்சைப் பசையைப் போட்டுவிட்டார். மணலும் சோடாவும்தான். தேய்த்தால் கை சிவந்து அரிக்கும். ஆனாலும் அதைத்தான் வாங்கினார்கள்.

பதறிக்கொண்டு கேட் கடைக்கு டப்பாக்களோடு போனேன். கடைக்காரர் கையில் தேய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா அவரு வாரா வாரம் வந்து பாத்துக்கினு, விக்காததைத் திருப்பி எடுத்துக்கினு போறாரு. நீங்க வருவீங்களா?"

வருவேன் என்று சொல்லி டப்பாக்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். போகவில்லை. கொடுத்த டப்பாக்கள் நான்கே நாளில் தீர்ந்துபோனது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒருநாள் கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டு அந்த வடலூர்க்காரரே எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார்.

"என் சரக்கு அரிக்குதுன்னு எனக்கே தெரியும்ங்க. நீங்க செஞ்சு குடுங்க, நான் கடையில போடறேன். ஆனா டப்பாவுல என் பேருதான் இருக்கும்."

முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன்.

"அவரு கேட்டதுல என்ன தப்பு?" என்றார் கணவர்.

"உங்க கையைப் பாத்துதானே இதைச் செஞ்சேன்? அவரு பேரைப் போடவா?"

"என் கை ஆறிடுச்சு. மத்தவங்க கை?"

ஒரு வாரம் கணவரிடம் முறைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒப்புக்கொண்டேன்.

இப்போது என் பசை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. "வடலூர்க்காரர் சரக்கு இப்ப ரொம்ப நல்லாயிடுச்சு" என்று பக்கத்து பிளாக் பெண்ணே என்னிடம் வந்து சொன்னாள். கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் மேல்கூட இப்போது கோபமில்லை. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து மூடியைத் திருகிக்கொண்டிருந்த அந்த ஒரு வருடத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.