நர்ஸம்மா வீட்டுச் செம்புத் தகடு

எங்கள் வீட்டு மர அலமாரிக்குப் பின்னால் ஒரு செம்புத் தகட்டைச் சாத்தி வைத்திருக்கிறேன். ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம். பல வருடம் மண்ணுக்குள் கிடந்து பச்சை பிடித்து, ஓரமெல்லாம் அரித்துப்போனது. அதன் நடுவில் ஆணியால் கீறிய ஒரு கட்டம். கட்டத்துக்குள் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும். அது என் கைவேலை. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கம் கொஞ்சம்தான், பேசிப் பழக்கம் அதைவிடக் குறைவு. பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் நின்றதால் இரண்டு பெண்களுக்கு நேர இருந்த கெடுதலை இந்தத் தகடு எனக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், நாகர்கோவிலில் சில தெருக்களுக்கு மட்டும் கரண்டு வந்திருந்த காலம். நான் வயர்மேன். கல்யாணமாகி, மூத்த பெண் பிறந்து மூன்று மாதம். அவளைப் பிரசவம் பார்த்து எடுத்தவர் நர்ஸம்மா. மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விதவை. பிள்ளைகளின் அரையில் மந்திரித்துக் கட்டிய கயிற்றைக் கண்டால் கத்திரிக்கோலை எடுத்துவிடுவார். "உசிரு கர்த்தர் கையிலயாக்கும் இருக்கு, உன் கயித்துலயா?" என்று கேட்டுக்கொண்டே வெட்டிப் போடுவார். என்னை அவர் கூப்பிடும் பெயர் மிண்டாப்பிராணி. வாய் பேசாத ஜீவன் என்று அர்த்தம். "ஏலே, வாயத் தொறந்து மிண்டுலே" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்னும் கொஞ்சம் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு வீட்டு வாசலில் வெளிவிளக்கு போட வேண்டும் என்று என்னை அழைத்தார். முன்முற்றத்தில் இரும்புக் குழாய் நட்டு அதன் உச்சியில் நட்சத்திரம். குழாயிலிருந்து சாயத்தில் முக்கியெடுத்த சின்ன பல்புகள் வரிசையாக மதில் வரைக்கும். பிறகு சற்றுத் தயங்கி, "மதிலோட நிறுத்தாண்டாம். அந்தால அவ வீட்டு நடை வரைக்கும் கொண்டு போயிரு" என்றார். அவள் என்றது பக்கத்து வீட்டு ஓர்ப்படியை, அதாவது கொழுந்தன் மனைவியை. மதில் கட்டியதில் மூண்ட சண்டையில் இருவரும் ஏழு வருடம் பேசாமல் இருந்து, அந்த ஆவணியில்தான் பொதுக்கிணற்றடியில் மறுபடியும் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஓர்ப்படி வீட்டில் கரண்டு கிடையாது. நர்ஸம்மா வாயால் கேட்க முடியாத மன்னிப்பைக் கம்பி வழியாக அனுப்புகிறார் என்று எனக்குப் புரிந்தது.

வீட்டுக்குள் நாலு விளக்கு எரிய இருந்த ஏற்பாடு மழையிலும் பனியிலும் நிற்கும் இரும்புக் குழாய்க்குப் போதாது. வெளிலைனுக்குத் தனி சுவிட்ச் வைத்தேன், தனியாக ஒரு பீங்கான் பியூஸும் வைத்தேன். முக்கியமாக எர்த் போட வேண்டும். எங்காவது கம்பி உரசி குழாயில் கரண்டு இறங்கினால், தொடுகிறவர் உடம்பில் பாயாமல் அதை மண்ணுக்குள் கொண்டு போவது எர்த். ஈரம் காயாத இடமாகப் பார்த்து, கிணற்றுப் பக்கம் மதிலோரத்தில் ஆழமாகக் குழி தோண்டி, செம்புத் தகட்டை நிறுத்தி, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் மாறி மாறிப் போட்டு மூடினேன். செம்பு களவு போகும் பொருள் என்பதால் தகட்டில் கட்டம் கீறி, வீட்டின் அடையாள எழுத்தும் நம்பரும் போடுவது என் வழக்கம். நர்ஸம்மா அன்று புதுக்கடை என்ற ஊரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபின் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை, நானும் மிண்டவில்லை.

கிறிஸ்மஸுக்கு நாலு நாள் முன்பு பெய்த மழையில் மதிலோரத்து மண் கரைந்து செம்புக்கம்பி வெளியே தெரிந்திருக்கிறது. கரண்டு போஸ்டிலிருந்து தலைக்கு மேலே வரும் என்றுதான் நர்ஸம்மாவுக்குத் தெரியும். மண்ணுக்குள் போகும் என்று யாரும் சொல்லவில்லை. தென்னைக்கு உரம் போட வந்த ஆளை விட்டுத் தோண்டச் சொல்லியிருக்கிறார். கரி வந்தது, உப்பு வந்தது, கட்டமும் எழுத்தும் கீறிய செம்புத் தகடு வந்தது. "இத்தாம் பெரிய கூடோத்திரத்தை நான் கண்டதில்லம்மா. ஆனைக்கு வச்சதுபோலல்லா இருக்கு" என்றானாம் அந்த ஆள். ஆயுள் முழுக்க மந்திரக் கயிறு வெட்டியவர் அதை நம்பிவிட்டார். மதிலுக்கு அப்பால் இருப்பவள்தான் இந்தக் கூடோத்திரத்தை, செய்வினையை, வைத்தாள் என்று முடிவு செய்து, கிணற்றடியில் நாலுபேர் கேட்க, "சிரிச்சுப் பேசி எனக்குக் குழி தோண்டினியேட்டி" என்று கேட்டுவிட்டார்.

மறுநாள் நான் போனபோது தகடு நடையில் கிடந்தது. "அவ வீட்டு லைனை அறுத்துப் போடு" என்றார். எர்த் கம்பி துண்டாகிக் கிடப்பதையும் கண்டேன். அது நான் வைத்தது என்று சொல்ல நாலு வார்த்தை போதும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் வரவில்லை. லைனை அறுத்தேன். எர்த் இல்லாத குழாயை யாரும் தொட்டுவிடக் கூடாதே என்று வெளிலைன் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கூச்சக்காரனுக்குத் தோன்றிய வழி அதுதான்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலையில் குடையும் கையுமாக நர்ஸம்மாவே வந்துவிட்டார். "என்னலே, லைட்டு ஒண்ணும் எரியல்ல?" என்றார். நான் பையிலிருந்து பியூஸை எடுத்து நீட்டினேன்.

"இது எப்பிடிலே உன் பையில?"

அவர் என் மனைவி பக்கம் திரும்பி, "கேட்டியா மக்களே, அவ இண்ணைக்கு மத்தியானம் கோட்டாத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போறாளாம். இனி இந்தப் பக்கம் வரமாட்டாளாம். போட்டும், சனியன் ஒழிஞ்சுது" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. குழந்தையைத் தோளில் போட்டிருந்த என் மனைவி முழங்கையால் என்னை இடித்தாள். "மிண்டுங்க" என்றாள்.

"அந்தத் தகடு நான் வச்சதாக்கும்" என்றேன். அதன்பிறகு உப்பு, கரி, கட்டம் எல்லாம் தானாக வந்தது. என் ஆயுசில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

நர்ஸம்மா என்னைத் திட்டவில்லை. "கயிறு வெட்டினவளாக்கும் நான்" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு குடையை இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். நான் கருவிப்பையோடு பின்னால் ஓடினேன்.

ஓர்ப்படி வாசலில் டிரங்குப் பெட்டியோடு வில்வண்டிக்குக் காத்து நின்றார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் மதிலோரத்தில் மறுபடியும் குழி தோண்டத் தொடங்கியிருந்தேன். சற்று நேரம் கழித்து இருவரும் வந்தார்கள். ஓர்ப்படியின் கண் சிவந்திருந்தது. கையில் அவர் வீட்டு உப்புச் சட்டி. "உன் கையால போடுட்டி" என்றார் நர்ஸம்மா. உப்பை அள்ளிய ஓர்ப்படி, "மந்திரம் சொல்லணுமாக்கா, இல்ல ஜெபம் போதுமா?" என்று கேட்டார். நர்ஸம்மா அழுதுகொண்டே சிரித்தார். தகட்டை இறக்குமுன், "கொண்டா" என்று வாங்கி, கத்திரிக்கோல் முனையால் அதில் ஏதோ கீறினார். எட்டிப் பார்க்க எனக்குக் கூச்சம். அன்று சாயங்காலம் விளக்கு வரிசை மதிலைத் தாண்டிப் போயிற்று.

நர்ஸம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலத்துக்குப் பிறகு வீடு கைமாறியது. புதிய வயரிங் வேலைக்கு என்னையே அழைத்தார்கள். பழைய தகட்டைத் தோண்டி எடுத்து, கிணற்றடியில் கழுவினேன். என் கட்டத்துக்குக் கீழே, நர்ஸம்மாவின் கையெழுத்து: "இது எர்த். பயப்படாதே."

இனித் தோண்டப் போகிறவர் யாரோ, அவருக்குத்தான் எழுதியிருப்பார். புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகும் என்கிறாள் என் மனைவி. எழுத்து அழிந்துவிடும், தொடாதே என்று சொல்லியிருக்கிறேன், வாயைத் திறந்தே.